தோள்வாதமும் மருந்தின் படியிறக்கமும்

முதுமையில் வரும் வலிகள் அனைத்தையும் 'வாதம்' என்னும் ஒரே சொல்லால் குறிப்பது நம்மவர் வழக்கம். முழங்கால் நொந்தாலும் வாதம். இடுப்புப் பிடித்தாலும் வாதம். விரல் வீங்கினாலும் வாதம். அச்சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கும் வலிகளுள் ஒன்று மற்றவற்றினின்றும் பெரிதும் வேறானது. அதனைத் தணிக்கும் மருந்து எளிதிற் கிடைப்பது, விலையும் குறைவு, சில நாள்களிலேயே பயன் தருவது. ஆயினும், தொடங்கிய மருந்தை விடுவதற்கு ஓராண்டும் ஈராண்டும் செல்லும். விடும் வழியில் வலி திரும்புவதும் உண்டு. அவ்வாறு திரும்பும்பொழுது செய்யத்தக்கது யாது, தகாதது யாது என்பதை அறியாமல் துன்புறுவோர் பலர். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நோயின் தோற்றம்

எடுத்துக்காட்டுக்காக, பினாங்கு ஜார்ஜ் டவுனில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவருக்கு வயது 68. ஒருநாள் விடியற்காலையில் விழித்தவர், படுக்கையில் புரள முடியாமல் தவிக்கிறார். எழுந்து உட்காருவதற்கு மகள் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. கூந்தலை வாரக் கை மேலே செல்லவில்லை. பேத்திக்குப் பாடஞ் சொல்லச் சுவரில் மாட்டியிருக்கும் சிறு கரும்பலகையின் மேல்வரியில் எழுத முடியவில்லை. நண்பகல் வாக்கில் இறுக்கம் சற்றே தளர்கிறது. மறுநாள் காலையில் அதே துன்பம் மீண்டும் வருகிறது. வலி ஒரு தோளில் மட்டும் இல்லை. இரு தோள்களிலும் ஒருங்கே நிற்கிறது. சில நாள்களில் கழுத்தும் இடுப்பின் இரு பக்கங்களும் சேர்ந்துகொள்கின்றன. பசி குறைகிறது, உடல் மெலிகிறது, உள்ளமும் சோர்கிறது.

இதனை மருத்துவர் 'பாலிமயால்ஜியா ருமாட்டிகா' என்பர். கிரேக்க மொழியில் 'பாலி' என்பது பல. 'மைஸ்' என்பது தசை. 'அல்கோஸ்' என்பது வலி. 'ருமா' என்பது ஒழுக்கு, ஓட்டம். உடலில் ஒழுகி ஓடும் நீர்களால் இந்நோவு வருவதாகக் கிரேக்கர் கருதினர். நம் முன்னோரும் அதனைக் காற்றின் செயலாகக் கொண்டு வாதம் என்றனர். இரு மொழியாரும் இயக்கத்தை வைத்தே பெயரிட்டமை நோக்கத்தக்கது. தமிழில் இதனைப் 'பல்தசை வலிவாதம்' எனலாம். ஆனால், பெயர் ஒரு வகையில் நம்மை மயக்குவதாகும். நோயின் இருப்பிடம் தசையன்று. தோள், இடுப்பு மூட்டுகளின் உட்சவ்வுகளிலும், மூட்டைச் சூழ்ந்துள்ள நீர்ப்பைகளிலும், தசைநாண்களின் உறைகளிலுமே அழற்சி காணப்படுகிறது. வலி மட்டும் மேற்கையிலும் தொடையிலும் உணரப்படுகிறது.

1888ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் புரூஸ் என்னும் மருத்துவர், தாம் கண்ட முதியோர் ஐவரின் நிலையை எழுதி, அதனை 'முதுமை வாதக் கீல்நோய்' என்னும் பொருள்படும் பெயரால் குறித்தார். இன்று வழங்கும் பெயரை 1957ஆம் ஆண்டில் ஆங்கில மருத்துவர் ஸ்டூவர்ட் பார்பர் இட்டார். 50 வயதுக்கு முன் இந்நோய் வருவது இல்லை என்றே சொல்லலாம். 70ஐ ஒட்டிய வயதினரிடம் மிகுதி. ஆடவரைவிடப் பெண்டிர்க்கே அதிகம். வட ஐரோப்பியரிடையே பெருவழக்கானது. ஆசிய மக்களிடையே அரிது. அரிதாக இருப்பதனாலேயே, இங்குள்ளவர்க்கு வரும்பொழுது, தோள் இறுகல் என்றோ முதுமைத் தேய்வு என்றோ கருதப்பட்டுக் காலங் கடந்துவிடுவதுண்டு.

குருதி சொல்வது

இந்நோயைக் காட்டித்தரும் தனிச் சோதனை ஒன்றும் இல்லை. நோயாளியின் சொல்லும் குருதியின் நிலையும் சேர்ந்தே நோயை உணர்த்துகின்றன. காலை இறுக்கம் 45 நிமிடத்துக்கு மேல் நீடிக்கிறதா என்பது மருத்துவர் கேட்கும் முதன்மையான வினாக்களுள் ஒன்று. அடுத்து, குருதிச் செவ்வணுப் படிவு வேகம் அளக்கப்படும். உறையாமற் செய்த குருதியை நீண்ட மெல்லிய குழாயில் நிறுத்தி வைத்தால், செவ்வணுக்கள் மெல்ல அடியிற் படியும். உடலில் அழற்சி இருப்பின், குருதியிலுள்ள சில புரதங்கள் மிகுந்து, செவ்வணுக்கள் நாணயங்களை அடுக்கினாற்போல ஒன்றோடொன்று ஒட்டி, விரைந்து கீழிறங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதே அளவு. இதனோடு சி.ஆர்.பி. என்னும் புரதத்தையும் அளப்பர்.

இவை உயர்ந்திருப்பதனாலேயே நோய் இதுவெனத் துணிந்துவிட இயலாது. முடக்குவாதம், தைராய்டுக் குறைபாடு, தொற்று நோய்கள், புற்றுநோய், கொழுப்பைக் குறைக்க உண்ணும் ஸ்டாட்டின் மாத்திரையால் எழும் தசைவலி ஆகியவற்றை முதலில் விலக்குதல் வேண்டும். அதன் பின்னரே மருந்து தொடங்கும்.

மருந்தின் வரலாறு

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டர் என்னும் ஊரில் மேயோ மருத்துவ நிலையம் உள்ளது. அங்குப் பணியாற்றிய பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதமுற்றோர்க்கு மஞ்சட்காமாலை வந்தபோதும், பெண்கள் கருவுற்றபோதும் வலி தானே தணிவதைக் கண்டு வியந்தார். உடலே சுரக்கும் ஏதோ ஒரு பொருள் வலியைத் தணிக்கிறது என்று எண்ணினார். அதே நிலையத்தில் வேதியியல் அறிஞர் எட்வர்ட் கெண்டால், சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமைந்துள்ள அட்ரீனல் சுரப்பியின் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1948ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 21ஆம் நாள், அப்பொருள்களுள் ஒன்று, முடக்குவாதத்தால் நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவர்க்கு ஊசிவழி செலுத்தப்பட்டது. ஒரு வாரத்திற்குள் அவர் நடந்து கடைத்தெருவுக்குச் சென்று வந்தார். அப்பொருளே கார்ட்டிசோன். 1950இல் ஹெஞ்ச், கெண்டால், சுவிட்சர்லாந்தின் டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவர்க்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வியப்பின் மறுபக்கமும் விரைவிலேயே தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் பலர்க்கு வலி திரும்பியது. தொடர்ந்து கொடுத்தவர்க்கோ முகம் உப்பியது, எலும்பு மெலிந்தது, மனம் நிலைகுலைந்தது. கார்ட்டிசோனைவிட ஆற்றல் மிக்கதும், உடலில் உப்பைத் தேக்குவது குறைந்ததுமான பிரெட்னிசோன், பிரெட்னிசோலோன் என்னும் மருந்துகள் 1955இல் வந்தன. பல்தசை வலிவாதத்திற்கு இன்றும் முதல் மருந்தாக நிற்பது பிரெட்னிசோலோனே. நம் எடுத்துக்காட்டு ஆசிரியை காலை உணவுக்குப்பின் நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் உண்ணத் தொடங்குகிறார் எனக் கொள்வோம். ஒரு வாரத்திற்குள் அவர் கை கரும்பலகையின் மேல்வரியைத் தொடுகிறது. இத்துணை விரைவில் குணங் காண்பது நோய் இதுவே என்பதற்கும் ஒரு சான்றாகக் கொள்ளப்படும். ஆயினும், இம்மருந்து வேறு பல வலிகளையும் மறைக்கவல்லதாதலின், இதனை மட்டுமே கொண்டு முடிவு செய்வதில்லை.

திடீரென நிறுத்தலாகாமை ஏன்?

வலி நீங்கியதும், 'இனி மருந்து எதற்கு?' என்று தோன்றுவது இயல்பு. இங்குதான் இடர் தொடங்குகிறது.

நம் உடல் நாள்தோறும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீரைத் தானே செய்துகொள்கிறது. பிரெட்னிசோலோன் அளவாகக் கணக்கிட்டால் அது ஏறத்தாழ 5 மில்லிகிராமுக்குச் சமமாகும். விடியற்காலையில் மிகுந்தும், நள்ளிரவில் குறைந்தும் அது சுரக்கும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி ஏவ, அட்ரீனல் சுரப்பி இயங்குகிறது.

ஒரு பள்ளியை எண்ணிப் பார்க்கலாம். மாற்றாசிரியர் ஒருவர் வந்து எல்லா வகுப்புகளையும் தாமே எடுத்துக்கொள்கிறார். தலைமையாசிரியர் பழைய ஆசிரியரை அழைப்பதை விட்டுவிடுகிறார்; அவரும் வீட்டிலேயே இருந்து பழகிவிடுகிறார். ஓராண்டு கழித்து மாற்றாசிரியர் ஒருநாள் சொல்லாமல் நின்றுவிட்டால், அன்று வகுப்பில் எவரும் இல்லை. வெளியிலிருந்து பிரெட்னிசோலோன் வரும்பொழுது பிட்யூட்டரி ஏவுவதை நிறுத்துகிறது. அட்ரீனல் சுரப்பி வேலையின்றிச் சுருங்குகிறது. மருந்து திடீரென நின்றால், உடல் தாங்குவதற்குரிய நீர் சுரப்பதில்லை. குருதியழுத்தம் வீழ்ந்து உயிருக்கே இடர் நேரலாம்.

இதனை மருத்துவ உலகம் ஓர் உயிரிழப்பினால் கற்றது. கார்ட்டிசோன் உண்டுவந்த முடக்குவாத நோயாளி ஒருவர்க்கு இடுப்பு அறுவைக்காக மருந்து நிறுத்தப்பட்டது. அறுவைக்குப்பின் குருதியழுத்தம் வீழ்ந்து, எம்முயற்சிக்கும் மீளாமல் அவர் மாண்டார். பிணச்சோதனையில் அவருடைய அட்ரீனல் சுரப்பிகள் சுருங்கியிருக்கக் கண்டனர். 1952ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இச்செய்தி வெளியாயிற்று. நெடுநாள் இம்மருந்தை உண்டவர்க்கு அறுவையோ கடும் நோயோ வரும்பொழுது மருந்தை நிறுத்தாமல் கூட்டிக் கொடுக்கும் முறை அதன் பின்னரே வேரூன்றியது.

படியிறங்கும் கணக்கு

ஆகவே மருந்தைப் படிப்படியாகக் குறைத்தல் வேண்டும். பிரிட்டானிய வாதநோய் மருத்துவர் சங்கம் 2010இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கு ஒரு கணக்கைத் தந்தது. நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் 3 வாரம், 12.5 மில்லிகிராம் 3 வாரம். 10 மில்லிகிராம் 4 முதல் 6 வாரம். அதன்பின் 4 முதல் 8 வாரத்திற்கு ஒருமுறை 1 மில்லிகிராம் வீதம் குறைத்தல். கூட்டிப் பார்த்தால், தடையேதுமின்றி இறங்கினாலும் 46 வாரம் முதல் 84 வாரம் வரை செல்லும். 1 மில்லிகிராம் மாத்திரை கிடைக்காதவிடத்து, 5 மில்லிகிராம் மாத்திரையைப் பாதியாக்கி, ஒருநாள் 10, மறுநாள் 7.5 என மாற்றி மாற்றி உண்ணச் செய்வதும் உண்டு. அப்பொழுது சராசரி 8.75 ஆகிறது.

மேற்படிகளில் இறக்கம் பெரிதாகவும், கீழ்ப்படிகளில் சிறிதாகவும் இருப்பதைக் காண்க. 15இலிருந்து 12.5க்கு வருவது ஆறில் ஒரு பங்கு குறைவு. 5இலிருந்து 4க்கு வருவதோ ஐந்தில் ஒரு பங்கு. 2இலிருந்து 1க்கு வருவது சரிபாதி. கீழே செல்லச் செல்ல ஒரு மில்லிகிராமின் எடை கூடுகிறது. அன்றியும், 5 மில்லிகிராமுக்கு அருகில் வரும்பொழுது, உறங்கிக் கிடந்த சுரப்பி விழித்து வேலையை ஏற்க வேண்டியிருக்கிறது.

தண்ணீர்மலை முருகன் கோவிலின் 513 படிகளையும் ஏறி இறங்கியவர்கள், இறங்கும்போதே முழங்கால் நடுங்குவதை அறிவர். அங்கும் கடைசிப் படிகளை ஓடிக் கடப்பவர் இலர்.

வலி திரும்பும்பொழுது

மருந்தைக் குறைத்துவரும் வழியில் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கு ஒருமுறையேனும் நோய் தலைதூக்குகிறது. எனவே, அது நோயாளி செய்த தவற்றின் விளைவென்று கொள்ள வேண்டுவதில்லை. ஆனால், திரும்பிவந்த வலி எல்லாம் பழைய நோயே என்று கொள்வதும் பிழையாகும். மூன்று வகையாக அதனைப் பகுத்து நோக்குதல் நலம்.

முதலாவது, நோயே திரும்புதல். இதில் பழைய அடையாளங்கள் பழைய வடிவிலேயே வரும். இரு தோள்களும், இடுப்பின் இரு பக்கங்களும் நோகும், காலை இறுக்கம் நீளும், பகலில் தளரும், படிவு வேகமும் சி.ஆர்.பி. அளவும் பெரும்பாலும் உயரும். நாள் செல்லச் செல்ல வலி வளர்வதும் இதன் இயல்பு.

இரண்டாவது, மருந்து குறைந்ததனால் உடல் படும் தவிப்பு. படி இறங்கிய சில நாள்களில் உடம்பெங்கும் பரவலாக ஒரு நோவும் களைப்பும் தோன்றி, ஓரிரு வாரங்களில் தாமே அடங்கிவிடுவதுண்டு. ஆனால் சுரப்பி விழிக்கவில்லையாயின் நிலைமை வேறு. எழுந்து நிற்கையில் தலைசுற்றல், குமட்டல், வயிற்றுவலி, பசியின்மை, எடை குறைதல், நீங்காத அசதி ஆகியன வரும். இதனை அறியக் காலைக் குருதியிற் கார்ட்டிசால் அளவைச் சோதிப்பர். இங்குத் தோளின் இறுக்கத்தைவிட உடலின் தளர்ச்சியே முன்னிற்கும்.

மூன்றாவது, வேறொரு வலி. முதியவர் தோளில் தசைநாண் கிழிந்திருக்கலாம், மூட்டுத் தேய்ந்திருக்கலாம், நீரிழிவு உள்ளவர்க்குத் தோள் இறுகியிருக்கலாம். இவை பெரும்பாலும் ஒருபக்கமே வரும். கையை ஒரு குறிப்பிட்ட திசையில் அசைக்கும்போது வலிக்கும். குருதியில் மாற்றம் இராது. 15 மில்லிகிராம் உண்டபோது மறைந்திருந்த பழைய தேய்வுவலி, அளவு குறைந்ததும் வெளிப்படுவதும் இவ்வகையே. இதற்குப் பிரெட்னிசோலோனைக் கூட்டினால், வேண்டாத மருந்தை வீணே உண்டதாக முடியும்.

நோயே திரும்பியதென மருத்துவர் கண்டால், செய்யத்தக்கதை ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அறிஞர் அமைப்புகள் 2015இல் இணைந்து வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. வலி திரும்புவதற்குமுன் எந்த அளவில் நலமாயிருந்தாரோ அந்த அளவுக்கு ஏறவேண்டும். அதன்பின் 4 முதல் 8 வாரத்திற்குள், வலி திரும்பிய அளவுக்கு மெல்ல இறங்க வேண்டும். நம் ஆசிரியைக்கு 7இலிருந்து 6க்கு வந்தபோது வலி எழுந்தது எனில், மீண்டும் 7க்குச் செல்வார். பொதுவாக 15க்குத் திரும்ப வேண்டுவதில்லை. நலம் நிலைத்தபின் 6க்கு இறங்கி, அடுத்த படிகளை முன்னினும் மெதுவாக வைத்துக்கொள்வார். வலி பொறுக்காமல் தாமே 20, 30 என ஏற்றிக்கொள்வதும், மனம் வெறுத்து ஒரேயடியாக நிறுத்துவதும் ஒருபோதும் ஆகா.

இருமுறைக்கு மேல் நோய் திரும்பியவர்க்கும், நீரிழிவு, எலும்பு மெலிவு போன்றவற்றால் பிரெட்னிசோலோன் தாங்காதவர்க்கும் மெத்தோட்ரெக்சேட் என்னும் துணைமருந்து சேர்க்கப்படுவதுண்டு. அது வாரத்தில் ஒருநாள் மட்டும் உண்ணத்தக்கது. நாள்தோறும் உண்டால் பெருங்கேடு விளையும். அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளின் செயலைத் தடுக்கும் சாரிலுமாப் என்னும் ஊசிமருந்தை, படியிறக்கத்தில் இடர்ப்படுவோர்க்கென 2023இல் அமெரிக்க மருந்து ஆணையம் ஏற்றுக்கொண்டது.

கண்ணைக் காக்கும் எச்சரிக்கை

இந்நோயுடையவரிற் சிலர்க்கு, நெற்றிப்பொட்டு முதலிய இடங்களிலுள்ள தமனிகளில் அழற்சி உண்டாகிறது. 'இராட்சத உயிரணுத் தமனியழற்சி' என்று அதனைக் கூறலாம். கண்ணுக்குக் குருதி கொண்டுசெல்லும் நாளம் அடைபட்டால் பார்வை திடீரெனப் போகும். போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. புதிதாகத் தோன்றும் தலைவலி, தலைவாரும்போது மண்டைத்தோலில் நோவு, உணவை மெல்லும்போது தாடை வலித்து நிற்றல், ஒரு கண்ணில் திரை விழுந்தாற்போன்ற மறைப்பு, காட்சி இரண்டாகத் தெரிதல் ஆகியன இதன் அடையாளங்கள். இவற்றுள் ஒன்று கண்டாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடுத்த மருத்துவ நாள் வரை காத்திருத்தல் கூடாது. இதற்கு நாளொன்றுக்கு 40 முதல் 60 மில்லிகிராம் வரை வேண்டியிருக்கும்.

பெல்ஜியத்தின் புரூஜ் நகரக் காட்சிச்சாலையில் யான் வான் ஐக் 1436இல் நிறைவு செய்த ஓவியம் ஒன்று உள்ளது. அதில் முழந்தாளிட்டிருக்கும் வான் டெர் பாலே என்னும் முதிய குருவின் நெற்றிப்பொட்டில் நாளம் புடைத்துக் காணப்படுகிறது. அவர் காலை வழிபாட்டிற்கு வர இயலாதிருந்தார் என்னும் குறிப்பையும் இதனோடு சேர்த்து, இவ்விரு நோய்களும் அவர்க்கு இருந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் சிலர் கருதினர்.

நம் நாட்டிற்குரிய கவனங்கள்

ஐரோப்பியருக்கு எழுதப்பட்ட நெறிமுறைகளை இங்குப் பின்பற்றும்பொழுது நம் சூழலையும் எண்ண வேண்டும்.

முதலில் நீரிழிவு. 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு, மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டது. இந்தியரிடையே அது இன்னும் மிகுதி. காலையில் உண்ணும் பிரெட்னிசோலோன், நண்பகலுக்குப் பின்னும் மாலையிலுமே சர்க்கரையைப் பெரிதும் உயர்த்தும். எனவே, வெறும் வயிற்றில் மட்டும் சோதித்து 'சரியாக இருக்கிறது' என்று மகிழ்வது ஏமாற்றந் தரும். மாலையிலும் சோதித்தல் வேண்டும்.

அடுத்தது புழு. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் நுண்புழு ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது. அது குடலில் பல்லாண்டுகள் வெளித்தெரியாமல் வாழும். பிரெட்னிசோலோன் உடலின் காப்பாற்றலைக் குறைக்கும்பொழுது அப்புழு பெருகி உடலெங்கும் பரவி உயிரையும் கொள்ளும். இளமையில் தோட்டப்புறத்தில் செருப்பின்றி நடந்தவர்கள் அச்செய்தியை மருத்துவரிடம் சொல்லவேண்டும். அவ்வாறே, முன்பு காசநோய் வந்திருந்தாலும், மஞ்சட்காமாலைக் கிருமி இருந்தாலும் கூறுதல் வேண்டும். மருந்து தொடங்குமுன் சோதித்துக் கொல்லத்தக்க இடர்கள் இவை. எலும்பு மெலியாதிருக்கச் சுண்ணச்சத்தும் டி உயிர்ச்சத்தும் கொடுக்கப்படுவதுண்டு. வலிமாத்திரைகளைக் கூடவே விழுங்குவது வயிற்றுப்புண்ணை வரவழைக்கும்.

மூன்றாவது, இரவுச் சந்தையிலும் இணைய வணிகத்திலும் விற்கும் மூட்டுவலிப் பொடிகளும் குளிகைகளும். 'மூலிகையே அன்றி வேறில்லை' என விற்கப்படும் ஜாமு, மாஜுன் முதலியவற்றுட் சிலவற்றில் டெக்சாமெத்தசோன், பிரெட்னிசோலோன் ஆகியவை கலந்திருப்பதை மலேசியச் சுகாதார அமைச்சின் மருந்துக் கட்டுப்பாட்டு முகமை பலமுறை கண்டறிந்து எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்று பாராட்டப்படும் குளிகையில் பறக்கச் செய்தது மூலிகைதானா என்று ஐயுறுதல் வேண்டும். டெக்சாமெத்தசோன் 0.75 மில்லிகிராம், பிரெட்னிசோலோன் 5 மில்லிகிராமுக்குச் சமம். எவ்வளவு கலந்துள்ளது என்பது உண்பவர்க்குத் தெரியாது.

இதனால் படியிறக்கம் இருவகையிற் கெடுகிறது. மருத்துவர் கணக்கில் 6 மில்லிகிராமில் இருப்பவர், உண்மையில் 15ஐ உண்டுகொண்டிருப்பார். நோய் அடங்கிவிட்டதென நம்பி மேலும் குறைப்பர். பின்னர்க் குளிகை தீர்ந்து, கடையிலும் கிடைக்காதபோது ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடும். 1952இல் எழுதப்பட்ட அந்த நோயாளியின் நிலைக்கு அவர் அன்று அருகில் வந்துவிடுகிறார். பதிவுபெற்ற மருந்துகளில் 'எம்.ஏ.எல்.' என்று தொடங்கும் எண்ணும், பாதுகாப்பு முத்திரைச் சீட்டும் இருக்கும். அவற்றைப் பார்த்து வாங்குதல் நன்று. போலி எண்ணும் அச்சிடப்படுவதால், உண்ணும் பொருள் எதுவாயினும் மருத்துவரிடம் மறையாது காட்டுவது அதனினும் நன்று.

நான்காவது, விரதம். தைப்பூசத்தை முன்னிட்டுப் பல நாள் ஒருவேளை உணவுடன் நோன்பிருப்போர் நம்மிடையே பலர். நோன்பின் தூய்மை கருதி மாத்திரையையும் விலக்குவோர் உண்டு. பிரெட்னிசோலோன் உண்பவர் அவ்வாறு செய்தல் உயிருக்கு ஊறாகும். உணவு வேளையை மாற்றுவதாயின் மாத்திரை வேளையை எவ்வாறு அமைப்பது என்று முன்கூட்டியே கேட்டறிதல் வேண்டும். அதுபோலவே, காய்ச்சல் கண்ட நாளில் மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். வாந்தியால் மாத்திரை வயிற்றில் தங்காவிடின், ஊசிவழி கொடுப்பதற்காக உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இவ்விரு நிலைக்கும் உரிய அளவை மருத்துவரிடம் முன்னரே எழுதி வாங்கி வைத்திருத்தல் நலம்.

ஒரு சிறு குறிப்பேடு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவத்தில் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு, அருகிருந்து உதவுபவரையும் நான்காவதாகச் சேர்த்து எண்ணுகிறது. இந்நோயில் அந்நான்காமவர்க்கு இரண்டு வேலைகள் உண்டு: ஒரு குறிப்பேட்டைப் பேணுதல், நோயாளி சோர்ந்த நாளில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல்.

குறிப்பேட்டில் நாள், உண்ட அளவு, காலை இறுக்கம் தளர எத்தனை நிமிடம் ஆயிற்று, வலி எங்கே, வேறு தொல்லை உண்டா என்னும் ஐந்து பத்திகள் போதும். நம் ஆசிரியையின் மகள் இவ்வாறு எழுதிவந்தால், 7 மில்லிகிராமில் 10 நிமிடமாக இருந்த இறுக்கம், 6 மில்லிகிராமில் 20, 40, 60 என நாளுக்கு நாள் நீள்வது தாளிலேயே தெரியும். 'போனமாதம் கொஞ்சம் வலித்தது' என்று சொல்வதைவிட இவ்வெண்கள் மருத்துவர்க்குப் பெரிதும் பயன்படும். நோய் திரும்பியதா, சுரப்பி தளர்ந்ததா, தோள் தேய்ந்ததா என்பதைப் பிரித்தறிய, குருதிச் சோதனையோடு இக்குறிப்பும் துணைநிற்கும்.

பெரும்பாலோர்க்கு ஓராண்டு முதல் ஈராண்டுக்குள், சிலர்க்கு அதனினும் நெடிது சென்று, மருந்து முற்றும் விடுபடுகிறது. விட்ட பின்னும் சுரப்பி முழு ஆற்றலைப் பெறச் சில மாதங்கள், சிலர்க்கு ஓராண்டும் ஆகலாம். எனவே, 'நெடுநாள் பிரெட்னிசோலோன் உண்டவர்' என்று எழுதிய சீட்டொன்றைப் பணப்பையில் அடையாள அட்டையோடு வைத்துக்கொண்டு, அறுவைக்கோ விபத்துக்கோ மருத்துவமனை செல்ல நேர்ந்தால் அதனை முதலில் காட்டுதல் வேண்டும். அச்சீட்டை எழுதித் தருமாறு அடுத்தமுறை செல்லும்போதே மருத்துவரைக் கேட்டுக்கொள்வது, வீட்டில் இம்மருந்து உண்பவர் உள்ள ஒவ்வொருவரும் செய்யத்தக்க செயலாகும்.